சூடு ஆறுவதற்குள்

"எங்க ஒழுகுதுன்னு காட்டுங்க."

சொல்லிவிட்டாள். எதைக் கேட்கவே கூடாது என்று அம்மா வீட்டில் ஒரு தடவை, வழியில் ஒரு தடவை, பட்டறை வாசலில் காதைத் திருகாத குறையாக இன்னொரு தடவை சொல்லிக் கூட்டி வந்தாரோ, அதையே கேட்டுவிட்டாள்.

தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது. டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து செல்போனுக்குள் தலையை விட்டிருந்த ஆள்கூட நிமிர்ந்தார்.

மெக்கானிக் கையிலிருந்த அழுக்குத் துணியால் விரல்களைத் துடைத்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பாப்பா சொன்னே?"

"எங்க ஒழுகுதுன்னு காட்டுங்க மாமா. நான் பாக்கணும்."

முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு விழுந்தது. அம்மாவின் கிள்ளு. சுரீர் என்றது. ஆனால் கேட்டது கேட்டதுதானே? வாயிலிருந்து வந்ததைத் திரும்ப விழுங்க முடியுமா என்ன!

வீட்டில் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர். வயது பதினொன்று. ஒரு கேள்வியைப் பிடித்தால் பதில் வரும்வரை விடமாட்டாள். பதில் வந்தாலும், "அது ஏன் அப்படி?" என்று அந்தப் பதிலையும் குடைவாள்.

அம்மா வாடகைக் கார் ஓட்டுபவர். அந்தப் பக்கத்தில் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒரே பெண். அதனால்தான் இந்தக் கட்டளை.

"நான் வண்டியைக் கொண்டு போனா மூஞ்சியைச் சுளிக்காம பாக்கறவர் அவர் ஒருத்தர்தான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் அம்மா. "அவர்கிட்ட போய் 'காட்டு, நிரூபி'ன்னு நின்னா அவரும் கோவிச்சுக்குவார். அப்புறம் வண்டியைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு நான் எங்க போறது?"

"கேள்வி கேட்டா சண்டையாம்மா?"

"நீ கேட்டா சண்டை மாதிரிதான் இருக்கும்."

சரி, வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் குடைச்சலும் நினைத்தாள். ஆனால் மெக்கானிக் சொன்னதைக் கேட்ட பிறகு எப்படி மூடுவது?

"எங்கயும் ஒழுகலைம்மா. தண்ணி மட்டும் குறையுது. அப்ப இன்ஜினே உள்ளுக்குள்ள குடிக்குதுன்னு அர்த்தம். இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும். ஒரு வாரம் வண்டி இங்கயே கிடக்கட்டும்."

ஒரு வாரமா?

அம்மா தினமும் காலையிலும் மாலையிலும் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவார். முன் சீட்டில் குடைச்சல். பின் சீட்டில் ரெட்டையர் இருவரும் இன்னொரு சிறுமியும். அந்தச் சவாரிதான் வீட்டுக்கு ஆதாரம்.

இந்த மாதத்தில் மேம்பாலத்து ஏற்றத்தில் கார் கொதித்துப்போய் இரண்டு தடவை நின்றுவிட்டது. பானெட்டின் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. "ஆன்ட்டி, கார் டீ போடுது!" என்று ரெட்டையர் கைதட்டினார்கள். அவர்களுடைய அப்பாவுக்குக் கைதட்டத் தோன்றவில்லை. தடித்த கண்ணாடி போட்ட மனிதர் அவர். நேற்று வாசலில் வந்து நின்றார்.

"இன்னொரு தடவை நடுரோட்டுல நின்னா பிள்ளைங்களை வேன்ல விட்டுடறோம். தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாக நினைத்தால் என்ன, நினைக்காவிட்டால் என்ன? ஒரு வாரம் கார் பட்டறையில் கிடந்தால் வேன் வந்துவிடும். வந்த வேன் திரும்பிப் போகாது. அதற்கப்புறம் அம்மாவின் கார், வாசலில் நிறுத்தி வைத்த பீரோவுக்குச் சமம்.

அம்மாவோ, "சரிண்ணே" என்று தலையாட்டப் போனார். அந்த நொடியில்தான் குடைச்சல் வாயைத் திறந்தாள்.

"உனக்குப் பாத்தாப் புரியுமா பாப்பா?" என்றார் மெக்கானிக்.

"பாத்தாத்தானே மாமா புரியும்?"

காற்றடிப்பவர் களுக்கென்று சிரித்துவிட்டார். மெக்கானிக் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று போய் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார்.

"பாரு. நல்லாப் பாரு."

குடைச்சல் எட்டிப் பார்த்தாள். குழாய்கள், ஒயர்கள், தூசி, நடுவில் ஓர் உலர்ந்த இலை. சொட்டு ஈரம் இல்லை. கீழே குனிந்தாள். அது கார் கழுவும் இடம். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். அதில் எது எந்தக் காரின் தண்ணீர் என்று யார் கண்டது?

"பாத்தாச்சா?"

"ம்."

"புரிஞ்சுதா?"

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"நாளைக்குக் காலையில கொண்டு வந்து விடுங்கம்மா" என்று மெக்கானிக் பானெட்டை டொப்பென்று சாத்தினார். "இன்னைக்கு உள்ள இடமில்ல."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கார் ஜன்னல்கள் நான்கும் திறந்திருந்தன. வெயில் காற்று முகத்தில் அறைந்தது. கொதிக்கத் தொடங்கியதிலிருந்தே அம்மா ஏசி போடுவதில்லை. ஏசி போட்டால் இன்ஜினுக்குப் பாரம் கூடுமாம்.

"அம்மா, கோவமா?"

"வண்டி ஓட்டறேன்."

கோபம்தான்.

வாசலில் கார் நின்றதும் பொட்டலம் ஓடி வந்தது. பொட்டலம் என்பது தெரு நாய். சுருண்டு படுத்தால் யாரோ கட்டி வைத்துவிட்டு மறந்துபோன பொட்டலம் மாதிரியே இருக்கும். கார் வந்தவுடன் அதன் அடியில் நுழைந்து படுப்பது அதன் பரம்பரை உரிமை. அதுவும் இன்ஜின் பக்கமாக, கதகதப்புப் பார்த்து.

குடைச்சல் படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பொட்டலம் வெளியே வந்து தலையை உதறியது. தண்ணீர்த் துளிகள் அவள் கையில் தெறித்தன.

"சீ, போடா!"

துடைத்துக்கொண்டாள். பிறகு நாயைப் பார்த்தாள். ஒரு பக்கக் காது மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.

அப்பா அப்போதுதான் செருப்புக் கடை வேலை முடிந்து வந்தார்.

"அப்பா, பொட்டலம் காதைப் பாருங்க. காருக்கடியில தண்ணி சொட்டுது."

"அது ஏசி தண்ணிம்மா. எல்லாக் காரிலயும் சொட்டும்."

"சரி" என்றாள் குடைச்சல்.

அப்பா இரண்டு படி ஏறியிருப்பார்.

"அப்பா! இன்னைக்கு ஏசியே போடலையே!"

அப்பா நின்றார்.

"நேத்தும் போடல. அதுக்கு முன்னாடியும் போடல. போடாத ஏசியிலிருந்து தண்ணி எப்படிப்பா வரும்?"

ஏறிய இரண்டு படிகளையும் திரும்ப இறங்கினார்.

குடைச்சல் மாடிக்கு ஓடினாள். பெரிய அட்டைப்பெட்டி ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. அதைப் பிரித்துத் தட்டையாக்கிக் கீழே கொண்டு வந்தாள். பொட்டலத்தை ஒரு பிஸ்கட்டால் விலைக்கு வாங்கி அப்புறப்படுத்தினாள். அட்டையைக் காருக்கடியில் தள்ளிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தாள்.

டப்.

அட்டையில் ஒரு கரும்பொட்டு விழுந்தது.

டப். டப்.

"அம்மா! அம்மா! சீக்கிரம் வாங்க!"

அம்மா கரண்டியோடு இறங்கி வந்தார். அப்பாவும் பையோடு குனிந்தார். மூன்று தலைகளும் தரையோடு தரையாகக் காருக்கடியில் பார்ப்பதைக் கண்டு தெருவில் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

"ஏசி தண்ணின்னா கதவுக்கு நேரா, நடுவுலதான் விழும்" என்றார் அம்மா மெதுவாக. "இது முன்னால விழுது. ரேடியேட்டருக்கு நேரா."

"ஆனா இன்ஜினைக் குளிர வைக்கிற கூலண்ட்டுன்னா பச்சையாத்தானே இருக்கணும்?" என்றார் அப்பா. "இது வெறும் தண்ணி மாதிரி தெளிவா இருக்கே?"

குடைச்சல் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.

தினமும் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, கூலண்ட் டப்பாவின் மூடியைத் திறந்து ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றுவது அப்பாவின் வேலை. யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்ட வேலை. ஊற்றிவிட்டு பானெட்டைத் தடவிக்கூடக் கொடுப்பார். "வேலைக்குப் போற ஜீவன். தாகத்தோட அனுப்பக் கூடாது."

"அப்பா, நீங்க தினமும் ஊத்தறது என்ன?"

"தண்ணி."

"பச்சைக் கலர்ல தினமும் தண்ணி ஊத்தினா, ஊத்தினது ஒழுகி, மறுபடி ஊத்தினா, கடைசியில என்ன கலர் இருக்கும்?"

அப்பா அட்டையைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒழுகறதே தெரியாம பச்சையை நான்தான் கழுவி விட்டிருக்கேன்!"

"பாசத்துலதானேப்பா" என்றாள் குடைச்சல்.

"அடிப் போடி. பாசமா ஊத்தினேன். பாசமா ஒழுகிடுச்சு" என்றார் அப்பா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் சொட்டுவது நின்றுபோனது. கார் ஆறிவிட்டது. குடைச்சல் அட்டையை வெளியே இழுத்தாள். சக்கரங்கள் இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்தாள். ஈரம் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"அம்மா, சூடா இருந்தா ஒழுகுது, ஆறினா நின்னுடுது. பட்டறையில நம்மளை எவ்வளவு நேரம் உக்கார வெச்சாரு?"

அம்மா யோசித்தார். எப்போது போனாலும் அதே கதைதான். சொந்தக் காரில் வந்தவர்களுக்கெல்லாம் உடனே வேலை நடக்கும். அம்மாவுக்கு மட்டும், "கொஞ்சம் உக்காருங்கம்மா." மெக்கானிக்கின் அகராதியில் அந்தக் 'கொஞ்சம்' ரொம்ப நீளம். அதற்குள் கார் ஐஸ் மாதிரி ஆகிவிடும்.

"ஆறிப்போனதைப் பாத்துட்டுத்தான் ஒழுகலைன்னு சொல்லியிருக்காரு" என்றாள் குடைச்சல். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. "நம்மளைக் காக்க வெச்சதுல அவருக்கே தெரியாம போச்சு!"

"இதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்களா?" என்றார் அப்பா ஆச்சரியமாக.

"அங்கயா? ஆய்வகம்னு ஒரு ரூம் இருக்கு. எப்பவும் பூட்டித்தான் இருக்கும். 'சாமான் உடைஞ்சிடும், திறக்கச் சொல்லிக் கேக்கவே கூடாது'ன்னு சயின்ஸ் மிஸ் சொல்லியிருக்காங்க. கதவுக் கண்ணாடி வழியா பாத்துக்கணும்."

"அங்கயும் கேக்கக் கூடாதா?" என்றார் அப்பா.

அம்மா அட்டையை வாங்கிக் கவனமாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. காலையில் அம்மா பட்டறைக்கு நேராகப் போகவில்லை. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டி ஏறாதபடி கவனித்துக்கொண்டே தெருக்களைச் சுற்றி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போனார். அட்டை குடைச்சலின் மடியில்.

கழுவும் இடத்தை விட்டுவிட்டு, காய்ந்த சிமெண்டுத் தரையில் காரை நிறுத்தினார்.

"வாங்கம்மா. கொஞ்சம் உக்காருங்க" என்றார் மெக்கானிக், தலையை நிமிர்த்தாமலே.

குடைச்சல் வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் இன்னொரு குரல் வந்தது.

"உக்கார முடியாதுண்ணே. சூடு ஆறுறதுக்குள்ள பாக்கணும்."

அம்மாவின் குரல்! குடைச்சல் திறந்த வாயை மூட மறந்துபோனாள்.

மெக்கானிக் நிமிர்ந்தார். குடைச்சல் அட்டையை அவர் முன்னால் நீட்டினாள்.

"இது முன் சக்கரம். இது ஒழுகின இடம்."

"ஏசி தண்ணி பாப்பா."

"ஏசி போடறதே இல்ல மாமா."

"கலர் இல்லையே?"

"அப்பா தினமும் தண்ணி ஊத்தி ஊத்திக் கலரே போயிடுச்சு."

மெக்கானிக் அட்டையை வாங்கினார். ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தார், மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கை விளக்கை எடுத்துக்கொண்டு காருக்கடியில் நுழைந்தார்.

"ஈரம் இருக்கு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "எங்கேர்ந்து வருதுன்னுதான் தெரியல. அடியில போற ரப்பர்க் குழாய் இருக்கே, ஹோஸ், அதோட முதுகுப் பக்கமா இருக்கும். அங்க கண்ணு எட்டாது. ஆறட்டும், கழட்டிப் பாக்கலாம்."

ஆறட்டுமா? ஆறினால் மறுபடி ஒளிந்துகொள்ளுமே!

குடைச்சல் சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரோரம் பழைய சாமான் குவியல். அதில் உடைந்த பைக் கண்ணாடி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தெடுத்துப் பாவாடையில் துடைத்தாள்.

"மாமா, இதைப் பின்னால பிடிங்க. முதுகுப் பக்கம் இதுல தெரியும்."

அழுக்குக் கை ஒன்று வெளியே நீண்டு கண்ணாடியை வாங்கிக்கொண்டது. காருக்கடியில் விளக்கு வெளிச்சம் அங்குமிங்கும் அசைந்தது.

"அட!"

"என்ன மாமா?"

"இங்க வா. கிட்ட வராதே, சூடு. அங்கயே படுத்துப் பாரு. காட்டறேன்."

காட்டறேன் என்று அவரே சொன்னார்!

குடைச்சல் குப்புறப் படுத்தாள். கண்ணாடிக்குள் கறுப்பு ஹோஸின் முதுகு தெரிந்தது. இரும்புப் பட்டை ஒன்றில் உரசி உரசித் தேய்ந்த இடத்தில் மெல்லிய வெடிப்பு. நகத்தால் கீறியது போல. அதிலிருந்து தண்ணீர் முத்து முத்தாகக் கட்டி, கனத்து, விழுந்தது.

டப்.

"சூட்டுல ஹோஸ் உப்புது, வெடிப்பு வாயைத் திறக்குது" என்றார் மெக்கானிக். "ஆறினா மூடிக்குது. திருட்டுப் பயல்!"

"அப்ப இன்ஜின் தண்ணி குடிக்கலையா?"

"குடிக்கல."

"இறக்க வேணாமா?"

"வேணாம் தாயே, வேணாம். ஹோஸ் மாத்தினா போதும்."

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தார்கள். இந்தத் தடவை காத்திருந்தது கசக்கவில்லை. பிறகு மெக்கானிக் பழைய ஹோஸைக் கழற்றினார். புது ஹோஸை மாட்டி இரண்டு முனையிலும் வளையம் போட்டு இறுக்கினார். உரசும் இடத்தில் ரப்பர் துண்டு ஒன்றைச் சுற்றினார். பளிச்சென்ற பச்சைக் கூலண்டை ஊற்றினார்.

"இனிமே வெறும் தண்ணி ஊத்தக் கூடாது. துரு பிடிக்கும், சீக்கிரம் கொதிக்கும். கீழே சிந்தினா உடனே கழுவிடணும். இது இனிப்பா இருக்கும், நாய் நக்கினா செத்துடும்."

"ஐயோ, பொட்டலம்!" குடைச்சல் பதறிப்போய், சிந்திய இரண்டு துளிகளையும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

"முடிஞ்சுதும்மா. எடுத்துட்டுப் போங்க" என்றார் மெக்கானிக்.

"இன்னும் முடியல மாமா. சூடேறட்டும். அட்டையைத் திருப்பிப் போட்டுப் பாத்துட்டுத்தான் போவோம்."

மெக்கானிக் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, அடுத்த தடவை பாப்பாவை வீட்டுல விட்டுட்டு வாங்களேன். என் வேலை ஓடாது போலிருக்கே!"

"அவ வராட்டா நான் கேப்பேன்ணே" என்றார் அம்மா.

காற்றடிப்பவர் இந்தத் தடவை சத்தமாகவே சிரித்தார். மெக்கானிக்குக்கூட மீசையோரம் கொஞ்சம் அசைந்தது.

இன்ஜின் ஓடியது. ரேடியேட்டர் மின்விசிறி சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. அட்டை காய்ந்தே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ரெட்டையரின் அப்பா, அந்தக் கண்ணாடிக்காரரும் காரில் ஏறிக்கொண்டார். முன் சீட்டில். கையில் செல்போன். திரையில் வேன்காரரின் நம்பர், தட்ட வேண்டியதுதான் பாக்கி. குடைச்சல் பின்னால் ரெட்டையரோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேம்பாலம் வந்தது. ஏற்றம் தொடங்கியது. முன்னால் லாரி ஒன்று மூச்சு வாங்கியபடி ஊர்ந்தது. கார் நின்று நின்று ஏறியது. குடைச்சல் இரண்டு சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி முள்ளையே பார்த்தாள். முள் பாதி வரை ஏறியது. அங்கேயே நின்றது. ஆணி அடித்த மாதிரி.

அம்மா கண்ணாடிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். கையை நீட்டி ஏசியைப் போட்டார். குளுகுளுவென்று காற்று வந்தது.

முள் அசையவில்லை.

"இன்னைக்கு டீ இல்லையா ஆன்ட்டி?" என்று ரெட்டையரில் ஒருவன் ஏமாற்றத்தோடு கேட்டான்.

"கடை சாத்தியாச்சு" என்றார் அம்மா.

பள்ளி வாசலில் கார் நின்றபோது கண்ணாடிக்காரரின் செல்போன் சட்டைப் பைக்குள் போயிருந்தது. "நாளைக்கும் இதே நேரம்தானே?" என்றார்.

"இதே நேரம்தான்" என்றார் அம்மா. காருக்கடியில் சொட்டியது. கதவுக்கு நேராக, நடுவில். "பயப்படாதீங்க. அது ஏசி தண்ணி."

குடைச்சல் இறங்கினாள். பையிலிருந்து பழைய ஹோஸ் துண்டை எடுத்து வெடிப்பை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தாள். பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்தது. என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்பதெல்லாம் மேம்பாலத்து இறக்கத்திலேயே முடிவாகிவிட்டது. வகுப்புப் பக்கம் திரும்பாமல், சயின்ஸ் மிஸ்ஸின் அறையைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், எங்க போறே? கிளாஸ் இந்தப் பக்கம்!" என்று ரெட்டையர் கத்தினார்கள்.

"ஆய்வகத்தைத் திறக்க" என்றாள் குடைச்சல், திரும்பிப் பார்க்காமல்.

வாசலில் அம்மாவின் கார் சின்னதாக ஒரு ஹாரன் அடித்தது. அவள் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டாள்.